கொக்கிரகுளத்து அயர்லாந்துக்காரர்

புணேயில் வாகட்டுக்கு வந்து மூன்றாவது மாதம். பேத்தியின் டொமிசைல் சர்டிபிகேட்டுக்காக மருமகனோடு தாசில்தார் ஆபீஸுக்குப் போயிருந்தேன். டோக்கன் வாங்கி உட்கார்ந்தாயிற்று, அழைப்பு வரவில்லை. ஓய்வு பெற்ற குமாஸ்தாவுக்கு அடுத்தவன் ஆபீஸில் என்ன வேலை? பலகைகளைப் படிப்பதுதான். பள்ளிக்கூட நாளில் இந்திப் பரீட்சை இரண்டு எழுதியதால் எழுத்துக் கூட்டத் தெரியும். கதவுக்கு மேலே நீலப் பலகையில் 'தஹசீல்தார் ததா தாலுகா தண்டாதிகாரி' என்று எழுதியிருந்தது. சத்தமாகவே படித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற பியூன் சிரித்தார்.

"மாமா, மாஜிஸ்திரேட்டுக்கு மராட்டியில அதுதான் பேரு" என்றார் மருமகன்.

எங்கள் ஊரில் வீணாய்ப் போன காசுக்குத் 'தண்டம்' என்போம். 'தண்டச்சோறு' என்பது கொஞ்சம் அதிகமான வசவு. இங்கே அது தண்டனை கொடுக்கிறவரின் பட்டப் பெயராகக் கதவுக்கு மேலே இருக்கிறது. 31 வருஷம் திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸில் குப்பை கொட்டியவன் நான். அதில் பாதிக்கு மேல் மாஜிஸ்திரேட் சம்பந்தப்பட்ட ஃபைல்களோடுதான் போயிற்று. கொடைக்கு யார் முதலில் சாமியாடுவது என்பதில் இரண்டு தெருவுக்குள் தகராறு என்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 107 போடுவோம். தேரோட்டத்துக்கு முந்தின நாள் 144 அச்சடிப்போம். 'அவன் மேல நூத்தியேழு இருக்கு' என்று ஊர்க்காரர்கள் சாதாரணமாகச் சொல்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அந்த எண் தெரியும். 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்து 107 என்பது 126 ஆயிற்று, 144 என்பது 163 ஆயிற்று. ஊர் வாயில் அது மாற இன்னும் ஒரு தலைமுறை ஆகும்.

அன்றைக்கு அந்தப் பலகையைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தவர் ஆஷ் துரை. ராபர்ட் வில்லியம் டெஸ்கோர்ட் ஆஷ். 1911 ஜூன் 17ஆம் தேதி, சனிக்கிழமை காலை, மணியாச்சி ஜங்ஷனில் வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றாரே, அவர்தான். கலெக்டர் என்று எல்லோருக்கும் தெரியும். அவருடைய முழுப் பட்டம் 'கலெக்டர் மற்றும் ஜில்லா மாஜிஸ்திரேட்'. கலெக்டர் வரி வாங்கினார், மாஜிஸ்திரேட் உள்ளே தள்ளினார். ஒரே நாற்காலி, ஒரே மேஜை, இரண்டு ரப்பர் ஸ்டாம்ப்.

நிறையப் பேருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. ஆஷ் இங்கிலாந்துக்காரர் இல்லை, அயர்லாந்துக்காரர்.

அதனால் என்ன, வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தானே என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 1961ல் வந்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் பார்த்த துரைமார்தான் என் மனசில் இருந்தார்கள். எல்லோரும் ஒரே தொப்பி, ஒரே மீசை. யோசித்துப் பார்த்தால் விஷயம் அவ்வளவு நேரானதல்ல. ஆஷ் பிறந்தது 1872ல். அன்றைய அயர்லாந்தே லண்டனுக்குக் கட்டுப்பட்ட நாடு. நிலமெல்லாம் பெரும்பாலும் ஜமீன்தார்களிடம், குடியானவன் குத்தகைக்காரன். 1840களின் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்து, அதே அளவுக்கு ஜனங்கள் கப்பலேறிப் போன தேசம். அந்த ஊரிலும் மாஜிஸ்திரேட் என்றால் ஜனங்களுக்குக் கசப்புதான். டப்ளின் கோட்டையிலிருந்து நியமிக்கப்பட்டு ஜில்லாவுக்கு வந்து உட்கார்ந்து, கூட்டத்தைத் தடை செய்து, கலகச் சட்டத்தைப் படித்துவிட்டுப் போலீஸை ஏவுகிறவருக்கு அங்கே 'ரெசிடென்ட் மாஜிஸ்திரேட்' என்று பேர். அப்படி ஒருவர் புதிதாக வேலைக்கு வந்து ஊராரிடம் படாதபாடு படுவதைச் சோமர்வில், ராஸ் என்ற இரண்டு பெண்கள் 1899ல் வேடிக்கைக் கதைகளாகவே எழுதிப் புகழ் பெற்றார்கள்.

'பாய்காட்' என்ற சொல்லும் அயர்லாந்துச் சரக்குதான். 1880ல் மேயோ கவுண்டியில் ஒரு பிரபுவின் நிலத்துக்கு ஏஜெண்டாக இருந்தவர் கேப்டன் சார்லஸ் பாய்காட். குத்தகையைக் குறைக்கச் சொன்ன குடியானவர்களை வெளியேற்றப் பார்த்தார். ஊரே சேர்ந்து அவரோடு பேச்சை நிறுத்தியது. அறுப்புக்கு ஆள் கிடையாது, கடையில் சாமான் கிடையாது, தபால் கொண்டுவர ஆள் கிடையாது. ஆளின் பெயரே வினைச்சொல் ஆகிவிட்டது. அப்போது ஆஷுக்கு வயது 8. இன்னும் இரண்டு வருஷம் கழித்து, 1882 மே மாதம், டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காவில் பட்டப்பகல் வெளிச்சம் மறைவதற்குள் அரசாங்கத்தின் இரண்டு பெரிய அதிகாரிகளைக் கத்தியால் குத்திக் கொன்றார்கள். அயர்லாந்தில் வளரும் பிள்ளை எந்தப் பக்கத்து வீட்டில் பிறந்திருந்தாலும் இந்தக் கதைகள் காதில் விழாமல் இருந்திருக்காது.

அப்படிப்பட்ட அயர்லாந்திலிருந்துதான் இந்தியாவுக்கு ஆள் வந்தார்கள். 1855ல் இந்திய சிவில் சர்வீஸுக்குப் பரீட்சை வைத்து ஆள் எடுக்க ஆரம்பித்ததும், முதலில் விழித்துக்கொண்டவர்களில் டப்ளின் டிரினிட்டி கல்லூரியும் ஒன்று. அரபி, சமஸ்கிருதம் என்று பாடங்களை ஏற்படுத்திப் பையன்களைத் தயார் செய்தது. நம் ஊரில் இப்போது தெருவுக்குத் தெரு ஐ.ஏ.எஸ். கோச்சிங் நடக்கிறதே, அதற்கு முப்பாட்டன் முறை. இந்திய மொழிகளையெல்லாம் கணக்கெடுத்த கிரியர்சன் அந்தக் கல்லூரி மாணவர், டப்ளின் ஜில்லாக்காரர். பஞ்சாபில் ஜாலியன்வாலா பாக் காலத்து லெப்டினன்ட் கவர்னர் மைக்கேல் ஓட்வயர் டிப்பரரி விவசாயக் குடும்பம். சொந்த ஊரில் பெரிய நிலமில்லாத, படிப்பு மட்டும் உள்ள குடும்பத்துப் பையனுக்குச் சென்னை மாகாணத்து உத்தியோகம் என்பது ஒரே எட்டில் துரையாகிவிடும் வழி.

நெல்லைச் சீமைக்கு அயர்லாந்து அனுப்பியவர்களில் ஆஷுக்கு முன்னோடி ஒருவர் உண்டு: கால்டுவெல். 1814ல் ஆன்ட்ரிம் கவுண்டியில் பிறந்தவர். இடையன்குடித் தேரிக்காட்டில் உட்கார்ந்து திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதினார், 1881ல் திருநெல்வேலி வரலாறும் எழுதினார். புதிதாக வரும் கலெக்டர்கள் ஜில்லாவைத் தெரிந்துகொள்ள அந்தப் புஸ்தகத்தைத்தான் புரட்டியிருப்பார்கள். ஒருவர் பேரில் சிலையும் நூற்றாண்டு விழாவும். இன்னொருவர் பேர், கொன்றவர் பேரோடு ஒட்டிக்கொண்டு பாடப் புஸ்தகத்தில் ஒரு வரி.

ஆஷ் சர்வீஸில் சேர்ந்தது 1895ல், 23 வயதில். அந்த வயதுப் பையன் வந்திறங்கியதும் என்ன செய்வான்? முதலில் உதவிக் கலெக்டர், மூன்றாம் வகுப்பு மாஜிஸ்திரேட். அந்தக் காலத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி மூன்றாம் வகுப்பு மாஜிஸ்திரேட் ஒரு மாதம் வரை சிறை, 50 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இரண்டாம் வகுப்புக்கு ஆறு மாதம், 200 ரூபாய். முதல் வகுப்புக்கு இரண்டு வருஷம், 1,000 ரூபாய், வேண்டுமானால் சவுக்கடியும். ஆட்டுத் திருட்டு, வாய்க்கால் வெட்டு, வரப்புச் சண்டை எல்லாம் அந்தப் பையன் முன்னால் வரும். எதிரே நிற்கிறவர் பேசுவது பாதி புரியாது. சிரஸ்தார் எழுதிக் கொடுப்பதே வேதம். குதிரையேற்றத்தில் தேற வேண்டும், மொழிப் பரீட்சை தேற வேண்டும், கஜானாக் கணக்கு படிக்க வேண்டும். வருஷத்தில் பல மாதம் கூடாரத்தில் வாசம். ஜமாபந்தி நடத்த ஊர் ஊராகப் போவார்கள். கூடாரத்துக்கு முன்னால் புளியமரத்தடியில் கோர்ட் நடக்கும். எங்கள் ஆபீஸ் பழைய ரிக்கார்டுகளில் 'முகாம்: இன்ன கிராமம்' என்று மேலே எழுதின உத்தரவுகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். தாளின் ஓரத்தில் மசி சிந்திய இடம் எல்லாம் அப்படியே இருக்கும். கூடாரத்தில் மேஜை ஆடியிருக்கும் போலிருக்கிறது.

1898ல் கஞ்சம் ஜில்லா பெர்ஹாம்பூரில் ஆஷ் கல்யாணம் செய்துகொண்டார். மனைவி மேரி லிலியன் பேட்டர்சன். நாலு பிள்ளைகள். இவை தவிர அந்தப் பன்னிரண்டு, பதிமூன்று வருஷங்களில் அவரைப் பற்றி ஊர் சொல்ல எதுவும் இல்லை. ஆயிரம் உத்தியோகஸ்தர்களில் ஒருவர். அவரை ஊர் அறிய வைத்தது தூத்துக்குடி.

1908 தொடக்கத்தில் தூத்துக்குடியில் ஆஷ் சப்-கலெக்டர், ஜாயின்ட் மாஜிஸ்திரேட். அவர் வந்த நேரம் அப்படிப்பட்ட நேரம். 1906 அக்டோபரில் பத்து லட்சம் ரூபாய் மூலதனத்துக்குத் திட்டமிட்டு வ.உ.சி. பதிவு செய்த சுதேசிக் கப்பல் கம்பெனியின் 'காலியா', 'லாவோ' இரண்டும் கொழும்புக்கு ஓடிக்கொண்டிருந்தன. போட்டிக்கு வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து, கடைசியில் இலவசமாகவே ஏற்றி, கூடவே குடையும் கொடுத்ததாகத் தூத்துக்குடியில் இன்றைக்கும் சொல்வார்கள். பிப்ரவரி கடைசியில் கோரல் மில் தொழிலாளிகள் வேலை நிறுத்தம். கூலி உயர்வு வேண்டும், வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை வேண்டும். பின்னால் நின்றவர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். ஒன்பதாம் நாள் மில்காரர்கள் இறங்கி வந்தார்கள்.

அந்த நாட்களில்தான் சுதேசியை எதிர்த்துப் பேசிய ஒரு வக்கீலுக்குப் பாதிச் சவரத்தோடு கத்தியை மடித்து வைத்துவிட்டு நாவிதர் எழுந்து போனார் என்று கதை. வண்ணார் வெளுக்க மாட்டேன் என்றார், வண்டிக்காரர் ஏற்ற மாட்டேன் என்றார். மேயோ கவுண்டியில் பிறந்த பாய்காட், கடல் தாண்டி வந்து தூத்துக்குடிக் கடற்கரையில் ஓர் அயர்லாந்துக்காரரை எதிர்கொண்டது. அவருக்கு அந்தச் சொல்லை யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை.

பிறகு நடந்தது தெரிந்த கதை. பிபின் சந்திர பால் விடுதலையைக் கொண்டாடக் கூடாது என்றது அரசாங்கம். மார்ச் 9ஆம் தேதி கொண்டாடினார்கள். கலெக்டர் விஞ்ச் வ.உ.சி.யையும் சிவாவையும் அழைப்பு அனுப்பி நெல்லைக்கு வரவழைத்தார். பாரதி பாட்டில் வரும் அதே விஞ்சு துரை. நன்னடத்தை ஜாமீன் கேட்டார். அதே 107, 108. கொடுக்க மாட்டோம் என்றதும் 12ஆம் தேதி கைது. 13ஆம் தேதி திருநெல்வேலி பற்றி எரிந்தது. முனிசிபல் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் தீ. துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் செத்தார்கள். தூத்துக்குடியில் கடையடைப்பு, மில் ஆட்கள் வெளிநடப்பு. அங்கே அரசாங்கமாக நின்றவர் ஆஷ்.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வ.உ.சி.யால் அமைதிக்குப் பங்கம் வரும் என்று தகவல் கொடுத்த போலீஸ், ஜில்லா மாஜிஸ்திரேட்டின் கையில். அந்தத் தகவலின் பேரில் நோட்டீஸ் விட்டவர், ஜில்லா மாஜிஸ்திரேட். நோட்டீஸுக்குப் பதிலைக் கேட்டு நியாயம் சொன்னவரும் ஜில்லா மாஜிஸ்திரேட். பிறகு போட்ட ராஜதுரோக வழக்கை விசாரித்து செஷன்ஸுக்கு அனுப்பிய வாலஸ், கூடுதல் ஜில்லா மாஜிஸ்திரேட். அதாவது அதே கச்சேரி. நிர்வாகத்தையும் நீதியையும் பிரியுங்கள் என்று காங்கிரஸ் 1886லிருந்தே வருஷா வருஷம் தீர்மானம் போட்டது இதற்காகத்தான். நாடு முழுக்க அந்தப் பிரிவினை சட்டமாகி நடைமுறைக்கு வந்தது 1974 ஏப்ரலில். அப்போதும் 107, 144 மட்டும் கலெக்டர் பக்கமே தங்கிவிட்டன. வாகட்டில் நான் பார்த்த பலகை அந்த மிச்சம்தான். 1908 ஜூலையில் செஷன்ஸ் ஜட்ஜ் பின்ஹே வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை, மொத்தம் நாற்பது வருஷம், விதித்தார். பிறகு மேல்முறையீட்டில் குறைந்தது. கப்பல் கம்பெனி மூச்சுத் திணறி 1911ல் இழுத்து மூடப்பட்டது.

ஆஷ்தான் கம்பெனியை முடித்தார் என்பது தூத்துக்குடி நம்பிக்கை. ஒரு சப்-கலெக்டரால் அவ்வளவும் முடியுமா என்று குமாஸ்தா புத்தி கேட்கத்தான் செய்கிறது. ஆனால் ஜனங்களுக்கு அரசாங்கம் என்பது லண்டனோ கல்கத்தாவோ அல்ல. கண் முன்னால் குதிரையில் வருகிறவன்தான்.

1910 ஆகஸ்டில் ஆஷ் திருநெல்வேலிக்கே பொறுப்புக் கலெக்டராக வந்தார். வயது 37. ஜில்லாவே அப்போதுதான் வடக்குப் பகுதியை இழந்திருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் ராமநாதபுரம் ஜில்லா பிரிந்தபோது சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமெல்லாம் அங்கே போய்விட்டது. ஜில்லா பிரிந்தால் கலெக்டர் ஆபீஸில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். 1986ல் தூத்துக்குடி பிரிந்தபோது நான் புதுக் குமாஸ்தா. எந்த ஃபைல் யாருக்கு, எந்த நாற்காலி யாருக்கு, டைப்ரைட்டர் எத்தனை என்று ஆறு மாதம் சண்டை. 1911 மார்ச் 10ஆம் தேதி ராத்திரி நாடு முழுக்க ஜனத்தொகைக் கணக்கு வேறு. ஜில்லாவில் அதை நடத்துவதும் கலெக்டர் தலையில்தான். ஆக அந்த முதல் வருஷத்தில் அவர் மேஜையில் குவிந்திருந்தது பெரும்பாலும் காகிதம்.

ஆபத்து காகிதத்தில் இல்லை, எல்லைக்கு அப்பால் இருந்தது. திருநெல்வேலியை எல்லைப்புற ஜில்லா என்று இன்றைக்கு யாரும் சொல்வதில்லை. அன்றைக்கு அது எல்லைதான். தென்காசியிலிருந்து ஐந்து மைல் தள்ளி, மலைக்கு இந்தப் பக்கமே இருக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர் ராஜாவுக்குச் சொந்தம். தமிழ் பேசுகிற ஊர், குற்றாலத்துக்கு அடுத்த வீடு. ஆனால் நெல்லைக் கலெக்டரின் வாரண்ட் அங்கே செல்லாது. ஒரு சேதி கேட்க வேண்டுமென்றாலும் திருவனந்தபுரம் சுற்றித்தான் கேட்க வேண்டும். 1904லிருந்து செங்கோட்டை வழியாகப் புனலூருக்கு ரயில் ஓடியது. ஆள் போக வரச் சுலபம், போலீஸ் போகச் சிரமம். வடக்கே பிரெஞ்சுக்காரன் புதுச்சேரி. பாரதி 1908லேயே அங்கே போய்விட்டார். 1910ல் அரவிந்தர், வ.வே.சு. ஐயர் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். ஒரு மாஜிஸ்திரேட்டின் கைக்கு இரண்டு பக்கமும் எட்டாத இடம்.

நீலகண்ட பிரம்மச்சாரி அந்த வருஷங்களில் தென்காசி, செங்கோட்டை, ஒட்டப்பிடாரம் பக்கமெல்லாம் சுற்றி ரகசியச் சங்கத்துக்கு ஆள் சேர்த்தார். காளி படத்துக்கு முன்னால் குங்குமத் தண்ணீரை வெள்ளைக்காரன் ரத்தம் என்று நினைத்துக் குடித்துச் சத்தியம் செய்தார்கள். அப்படிச் சேர்ந்தவர்களில் செங்கோட்டை வாஞ்சிநாதனும் ஒருவர். புனலூரில் திருவிதாங்கூர் காட்டிலாகா உத்தியோகம். வயது 25.

1911 ஜூன் நடுவில் ஆஷின் மனைவி அயர்லாந்திலிருந்து வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. பிள்ளைகள் கொடைக்கானலில் வாடகை பங்களாவில் இருந்தார்கள். அங்கே போகத்தான் இரண்டு பேரும் கிளம்பினார்கள். அந்தக் காலத்தில் கொடைக்கானலுக்கு மோட்டார் ரோடு கிடையாது. ரயிலில் அம்மையநாயக்கனூர் வரை, அங்கிருந்து மாட்டு வண்டியில் மலையடிவாரம், பிறகு குதிரையோ டோலியோ. கால்டுவெல் கடைசி மூச்சை விட்டதும் அதே கொடைக்கானலில்தான், 1891ல்.

திருநெல்வேலியிலிருந்து மணியாச்சி மெயில் காலை 9.30க்குக் கிளம்பியது. 10.38க்கு மணியாச்சி. தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயில் 10.48க்கு. கொழும்புக் கப்பலிலிருந்து இறங்குகிறவர்கள் சென்னைக்குப் போகும் வண்டி அது. பாம்பன் பாலம் வந்து 1914ல் தனுஷ்கோடிக்கு மாறும் வரை அதன் வாசல் தூத்துக்குடி. இடையில் பத்து நிமிஷம். ஆனி மாதத்து மணியாச்சியில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் காற்று தெரியும். கணவாய் வழியாக இறங்கி, கரிசல் மண்ணை அள்ளிக்கொண்டு வந்து, பேசுகிற பேச்சு அடுத்தவன் காதுக்குப் போகவிடாது. முதல் வகுப்புப் பெட்டியில் புருஷனும் பெண்சாதியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். வாஞ்சியும் கூட்டாளி சங்கரகிருஷ்ணனும் பெட்டியருகே வந்தார்கள். பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் துப்பாக்கி, குண்டு நெஞ்சில். அந்தக் காற்றில் வெடிச்சத்தம்கூடச் சரியாகக் கேட்கவில்லை. வாஞ்சி பிளாட்பாரத்தில் ஓடி, கழிப்பறைக்குள் புகுந்து, வாயில் சுட்டுக்கொண்டார். ஆஷைத் திருநெல்வேலிக்குத் திருப்பிக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போயிற்று. பாளையங்கோட்டைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். பொறுப்பேற்று ஒரு வருஷம் முடிய இன்னும் ஒன்றரை மாதம் பாக்கி.

வழக்கில் 14 பேர்மேல் குற்றச்சாட்டு. தேடுதலில் இரண்டு பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். சென்னை ஹைக்கோர்ட்டில் மூன்று நீதிபதிகள் விசாரித்தார்கள். சங்கரன் நாயர் மட்டும் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். நீலகண்டருக்கு ஏழு வருஷம்.

வாஞ்சி சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. சனாதன தர்மத்தை மிலேச்சர் மிதிக்கிறார்கள் என்றும், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைக் கொல்ல 3,000 பேர் சபதம் எடுத்திருக்கிறார்கள் என்றும் அதில் இருந்தது. 'சனாதனம்' என்ற சொல்லை வைத்து இன்றைக்குப் பெரிய சண்டை நடக்கிறது. ஆஷ் ஒடுக்கப்பட்டவர்களுக்கு நல்லவர், பிரசவ வேதனையில் கிடந்த தாழ்த்தப்பட்ட பெண்ணைத் தன் வண்டியில் ஏற்றி அக்கிரகாரத்து வழியாகக் கொண்டுபோனார், அதனால்தான் கொன்றார்கள் என்று வாட்ஸப்பில் மாதம் ஒரு முறையாவது வருகிறது. அதற்கு அந்தக் காலத்துக் காகிதம் ஒன்றையும் யாரும் காட்டி நான் பார்க்கவில்லை, கேட்டால் கோபப்படுகிறார்கள். எதிர்ப்பக்கத்தார் கடிதத்தில் உள்ள அந்த ஒரு வாக்கியத்தையே மறைத்துவிட்டுப் பேசுகிறார்கள். 31 வருஷம் ஃபைல் பார்த்தவனுக்கு இரண்டும் ஒத்துவரவில்லை. ஃபைலில் எல்லாப் பக்கத்துக்கும் எண் போட்டு நூலில் கோத்திருக்க வேண்டும்; ஒரு தாளை உருவ முடியாது.

எங்கள் எதிர் பிளாட்காரர் சிஞ்ச்வட்டுக்காரர். பிம்ப்ரியில் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். தெற்கத்தி ஆள் என்பதால் என்னை 'அண்ணா' என்பார், இத்தனைக்கும் என்னைவிட நாலு வயது மூத்தவர். சாயங்காலம் தத்த மந்திர் ரோட்டில் சேர்ந்து நடப்போம். ஆஷ் கதையை என் ஓட்டை இந்தியில் சொன்னபோது பாதியில் நிறுத்தி, "இது எங்க ஊர்க் கதை" என்றார்.

அவர் சொன்னதும் நியாயம்தான். வாகட்டிலிருந்து ஆட்டோவில் பதினைந்து, இருபது நிமிஷத்தில் சிஞ்ச்வட். சாபேகர் சகோதரர்களின் ஊர். 1897ல் புணேயில் பிளேக் வந்தபோது அதற்கான கமிட்டியின் தலைவராக வந்தவர் வால்டர் சார்லஸ் ரேண்ட், அவரும் ஐ.சி.எஸ். அதற்கு முன் சதாராவில் உதவிக் கலெக்டராக, மாஜிஸ்திரேட்டாக இருந்து, வாய் என்ற ஊரில் மசூதி முன்னால் மேளம் வாசித்த தகராறில் பிராமணப் பெரியவர்களைச் சிறைக்கு அனுப்பியவர். பிளேக்குக்காகச் சிப்பாய்கள் வீடு வீடாக, அடுப்படி, பூஜையறை வரை நுழைந்தார்கள். ஜூன் 22ஆம் தேதி, விக்டோரியா மகாராணியின் வைரவிழா ராத்திரி, கணேஷ்கிண்டில் கவர்னர் மாளிகை விருந்து முடிந்து திரும்பும்போது சாபேகர்கள் ரேண்டைச் சுட்டார்கள். பின் வண்டியில் வந்த லெப்டினன்ட் அயர்ஸ்டும் செத்தார். அந்த மாளிகை இப்போது புணே பல்கலைக்கழகம். மருமகன் ஹிஞ்சவடி ஆபீஸுக்குப் போகாத நாட்களில் என்னை டவுனுக்கு அழைத்துப் போவது அந்த கணேஷ்கிண்ட் ரோட்டு வழியாகத்தான்.

எதிர் பிளாட்காரர் தேதியைச் சொன்னதும் நடையை நிறுத்திவிட்டேன். ஜூன் 22. ஐந்தாம் ஜார்ஜுக்கு லண்டனில் முடிசூட்டு விழா நடந்ததும் ஜூன் 22தான், 1911ல். வாஞ்சி சுட்டது அதற்கு ஐந்து நாள் முந்தி. சிஞ்ச்வட்டுக்காரர்கள் கணக்குத் தீர்த்தது ஒரு ராணியின் விழா நாளில், செங்கோட்டைக்காரர் ஒரு ராஜாவின் விழாவுக்கு முந்தின வாரம்.

ராத்திரி படுத்தும் அது மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. முடிசூட்டு விழா என்றால் ஜில்லாவில் சும்மா விடமாட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மிட்டாய், ஏழைகளுக்குச் சாப்பாடு, கச்சேரிக்குத் தோரணம், விடுதலை செய்ய வேண்டிய கைதிகள் பட்டியல், தாசில்தார்களுக்கெல்லாம் சுற்றறிக்கை. இதற்கு ஃபைல் திறக்காமல் இருந்திருக்க மாட்டார்கள். சுற்றறிக்கை குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன்பே போயிருக்க வேண்டும், கீழே ஆர். டபிள்யூ. டி. ஆஷ் என்று கையெழுத்து இருந்திருக்கும். 19ஆம் தேதி திங்கட்கிழமை கச்சேரி திறந்ததும் ஹெட் கிளார்க் அந்த ஃபைலை எடுத்துக்கொண்டு யார் மேஜைக்குப் போனார்? விழாவை நிறுத்துவதற்கும் ஓர் உத்தரவு வேண்டும், நடத்துவதற்கும் ஓர் உத்தரவு வேண்டும். கலெக்டர் நாற்காலி காலி. 22ஆம் தேதி வியாழக்கிழமை.